கை நீட்டுதல்

திங்கட்கிழமை. பதினொன்றாவது நோயாளி.
சீட்டில் 'வலது கை, இரண்டு கோணம்' என்றிருந்தது.
வயது எண்பத்து மூன்று. பெயர் எய்ஷுன் ஸமாமி.
நாஹா நகரில் கராத்தே பழகும் எவருக்கும்
அந்தப் பெயரைக் கேட்டால் முதுகு தானாக நிமிரும்.
எனக்கும் நிமிர்ந்தது,
ஈயக் கவசத்தின் எடையை மீறி.

வந்தவர் ரப்பர் செருப்பில் வந்தார்,
மீன்கடையில் இலவசமாகக் கொடுத்த தொப்பியோடு.
முப்பத்தாறு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர்.
இப்போது ஊறுகாய்ப் புட்டி திறக்க வரவில்லையாம்.
அதற்குத்தான் வந்திருக்கிறார்.
வலி உண்டா என்றேன்.
வலி என்றால் எது என்று கேட்டார்,
கேலியாக இல்லை,
கடையில் எந்த அளவு வேண்டும் என்று கேட்பதைப் போல.

'கையை நீட்டுங்கள்.'
நீட்டினார்.
வருஷா வருஷம் விழா அரங்கில்
ஆறாவது வரிசையிலிருந்து எட்டிப் பார்த்த கை
குளிர்ந்த தட்டின் மேல்
கடல் ஒதுக்கிய பவளத் துண்டாகக் கிடந்தது.

'மூச்சை அடக்குங்கள்' என்றேன் பழக்கதோஷத்தில்.
அது நெஞ்சுப் படத்துக்குச் சொல்வது.
'கைக்குமா?' என்றார்.
கேட்டாரே தவிர, அடக்கினார்.
அறை முழுதும் அரை அங்குலம்
கீழே இறங்கி நின்றது.

திரையில் படம் வந்தது.
இத்தனை வெள்ளையாய் எலும்பை நான் கண்டதில்லை.
நடுவிரல் கணு இரட்டிப்பாய்த் தடித்து,
சுண்டுவிரல் மூட்டு ஒட்டிப் போய்,
எப்போதோ முறிந்து கோணலாய்க் கூடிய ஓரிடம்.
பதினேழு வயது முதல் நாளைக்கு ஐந்நூறு குத்து,
வைக்கோல் கயிறு சுற்றிய பலகையில்.
புயலில் கூரை பறந்த அன்றும் உண்டு.
மனைவியை எரித்துவிட்டு வந்த அன்று
இருநூறுதான் என்றார்.
நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

ஓசாகாவிலிருந்து வந்த டாக்டர் நிகிதானிக்கு
இதெல்லாம் தெரியாது.
படத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
'இந்தக் கையை எத்தனை பேர் மேல் நீட்டியிருக்கிறீர்கள்?'
பெரியவர் கூரையைப் பார்த்தார்.
உண்மையாகவே எண்ணிப் பார்த்தார்.
'ஒருத்தன். இருபத்து நான்கு வயதில்,
பேருந்து நிலையத்தில், நூறு யென் பாக்கிக்கு.
இடத்தை விட்டே போய்விட்டான்.
மன்னிப்புக் கேட்க முகவரி கிடைக்கவில்லை.'

இனி பலகையைத் தொடக்கூடாது என்றார் டாக்டர்.
'படத்தில் ஒரு பிரதி கிடைக்குமா?' என்றார் பெரியவர்.
எதற்கு?
'பலகையிடம் காட்டத்தான்.
நான் சொன்னால் நம்பாது.'

பிரதியை உறையில் போட்டுக் கொடுக்கும்போது
என் விரல் கணுக்களைப் பார்த்துவிட்டார்.
'எந்தப் பக்கம்?'
'தொமாரி.'
'ஓ,' என்றார், 'எங்களைத் திட்டும் பக்கம்.'
ஆமாம் என்றேன்.
தாழ்வாரத்தில், சக்கர நாற்காலிக்கு வழி விட்டு,
இருவரும் குனிந்து வணங்கினோம்.
அவர் என்னைவிடத் தாழக் குனிந்தார்.
நான் மறுபடி குனிய வேண்டியதாயிற்று.

ஒன்று சொல்லவேண்டும்.
போன வருஷம் ஓர் இரவுப் பணியில், யாருமில்லாதபோது,
என் கையையும் படம் எடுத்திருக்கிறேன்.
நாற்பத்தொரு வருஷப் பயிற்சி.
அலமாரிச் சாவிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.
அன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
என்னுடையது
பள்ளிக்கூடத்துக்கு இப்போதுதான் கிளம்பியதைப் போல இருந்தது.
வெட்கம் என்று நினைத்தேன்.
பேருந்தில் வீடு திரும்பும்போது பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தேன்.
ஐம்பத்தெட்டு வயதில்
இன்னும் இவ்வளவு பாக்கி இருப்பது
யாருக்குக் கிடைக்கும்?

விடியற்காலை, கார்க் கொட்டகைக்குப் பின்னால்
அண்டை வீட்டு நாய் தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்துக்கொள்கிறது.
கையை நீட்டுகிறேன்.
ஒன்று.
ஆற்றுக்கு அப்பால் எங்கோ
ஒரு பலகை இன்று சும்மா நிற்கிறது,
அல்லது நிற்கவில்லை.
இரண்டு.